இழைகளின் வரலாறு – 9: முப்புரி

தோல் தொழிலில் விளைச்சலைச் சதுர அடியில் கணக்கிடுகிறார்கள். உப்பிட்ட பச்சைத் தோல் எடைக்கோ உருப்படிக்கோ வாங்கப்படுகிறது. பதனிட்டு முடித்த தோல் பரப்புக்கு விற்கப்படுகிறது. எடையாக வந்தது பரப்பாக வெளியேறும் இந்தக் கணக்கில், ஒரு தோலுக்குக் கால் சதுர அடி கூடினாலும் குறைந்தாலும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் தெரிந்துவிடும். அந்தக் கால் சதுர அடியைத் தீர்மானிப்பவை தோலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் இழைகள்.

சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போடுவது முடி உதிர்வதற்கு மட்டும் என்று வெளியார் நினைப்பதுண்டு. குழியில் நடக்கும் பெரிய வேலை வேறு. கார நீரில் தோல் உப்பி, இழைகளுக்கு இடையில் பசையாக நிற்கும் பொருள்கள் கரைந்து, இழைக்கற்றைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. குறைவாக ஊறிய தோல் விறைத்துப்போய் விரிய மறுக்கும். அதிகமாக ஊறியது தொளதொளத்துவிடும். இந்தப் பதத்தைத் தோல் ஷாப் மேஸ்திரிகள் விரலால் அழுத்திப் பார்த்தே சொன்னார்கள். பிறகு ஆவாரம்பட்டைச் சாறு, முடிவில் கடுக்காய். இந்த முறையில் பதனிட்ட தென்னிந்தியத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. இழை என்ன ஆகிறது என்பது தெரியாமலேயே இழையைக் கையாளும் வித்தை கைவந்திருந்தது.

அந்த இழையின் பொருள் கொலாஜன் என்னும் புரதம். பாலூட்டிகளின் உடலில் உள்ள புரதத்தில் கால் பங்குக்கும் மேல் இதுதான். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு, கண்ணின் வெண்படலம், பல்லின் உட்பகுதி எல்லாவற்றிலும் இது உண்டு. இத்தனை இடங்களில் இருக்கும் பொருளின் அணுக்கட்டமைப்பு 1950-களின் தொடக்கம் வரை பிடிபடவில்லை. அதைப் பிடித்த இடம் சென்னை. அடையாறும் கிண்டியும் சேரும் சாலையோரத்தில், நடந்தே போகும் தூரத்தில் இருந்த இரண்டு நிறுவனங்களுக்கு அதில் பங்குண்டு.

எந்த ஊர் எந்த இழையை விற்றதோ, அந்த ஊர் அந்த இழையை ஆராய்ந்தது என்பது 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதி முழுக்கக் காணப்படும் போக்கு. கம்பளி நெசவுக்குப் பேர்போன லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி ஆட்டு ரோமத்தை எக்ஸ் கதிரில் வைத்து, இழுக்கும்போதும் விடும்போதும் அதன் மூலக்கூறு வடிவம் மாறுவதைக் கண்டார். பருத்திச் சந்தையான பம்பாயில், மாட்டுங்காவில் 1924-ல் பருத்திக்கென்றே ஒரு தொழில்நுட்ப ஆய்வகம் தொடங்கியது. சணல் ஆய்வு கல்கத்தாவுக்குப் போயிற்று. பெர்லினில் 1920-ல் அமைந்த இழை வேதியியல் நிறுவனம் மட்டும் சற்று விலக்கு. ஹெர்ட்சாக், போலன்யி முதலியோர் அங்கே பருத்தி, ஆளி, ராமி என்று கிடைத்த தாவர இழைகளையெல்லாம் எக்ஸ் கதிர்முன் வைத்து, செல்லுலோஸ் ஒழுங்கான படிக அமைப்பு கொண்டது என்று காட்டினார்கள்.

பயிர் இழையில் ‘விளைச்சல்’ இரண்டு பக்கமும் இழுக்கும் சொல். ஏக்கருக்கு எத்தனை கிலோ பஞ்சு என்பது உழவரின் கணக்கு. இழை எவ்வளவு நீளம், எவ்வளவு உறுதி, எந்த எண் நூலுக்குத் தாங்கும் என்பது ஆலையின் கணக்கு. பருத்தியில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று விட்டுக்கொடுப்பதில்லை: இழையின் உறுதியைக் கூட்டினால் பஞ்சு மகசூல் குறைவதைப் பயிர்ப் பெருக்கத்தார் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். கோவையில் கம்போடியா பருத்தியை வைத்து நடந்த நீண்ட இனப்பெருக்க வேலை இந்த இழுபறிக்குள்தான் நடந்தது. 1956-ல் அங்கே தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் தோன்றியதும் ஆலைகளின் தேவையால். அது கோவையின் கதை. சென்னையின் சரக்கு தோல்.

1944-ல் கிண்டியில் உருவான அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் ரசாயனப் பொறியியலோடு ஜவுளித் தொழில்நுட்பமும் தோல் தொழில்நுட்பமும் சேர்த்தே வைக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரின் காலம் அது. 1948-ல் அந்த வளாகத்தை ஒட்டி, அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த குரோம் லெதர் கம்பெனி, பல்லாவரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று நீண்ட தொழில் வட்டாரத்துக்கு மையம் போன்ற இடம் அது. தில்லியிலோ கல்கத்தாவிலோ அல்லாமல் இங்கே அமைந்ததில் வியப்பு இல்லை.

முதலியார், கிண்டியிலிருந்த பல்கலைக்கழக இயற்பியல் துறையை வலுப்படுத்த முதலில் நாடியது சி. வி. ராமனை. ராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரைச் சொன்னார். அந்த மாணவர் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலுக்குச் சேர்ந்து, ராமனால் இயற்பியலுக்கு இழுத்துக்கொள்ளப்பட்டவர். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் வூஸ்டரிடம் ஆய்வு செய்து திரும்பியிருந்தார். 1952-ல் சென்னையில் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது வயது 30. புதிய ஆய்வகத்துக்குப் புதிய கேள்வி தேவைப்பட்டது. அந்த நேரத்தில் சென்னைக்கு வந்திருந்த அயர்லாந்தில் பிறந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை முன்வைக்கப்பட்ட கட்டமைப்புகள் எவையும் திருப்தி தரவில்லை என்று பேச்சில் குறிப்பிட்டார். ஆஸ்ட்பரியும் லைனஸ் பாலிங்கும் முயன்று பார்த்த பிரச்சினை அது. ராமச்சந்திரன் அதையே எடுத்துக்கொண்டார். அவருடன் சேர்ந்து உழைத்தவர் கோபிநாத் கர்த்தா.

இழையை எக்ஸ் கதிரில் ஆராய நல்ல மாதிரி வேண்டும். சாதாரணத் தோலில் இழைகள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் படம் கலங்கலாக வரும். தசைநாணில் அவை ஒரே திசையில் இணையாகக் கிடக்கும். சுறாத் துடுப்பின் இழைகளைப் பயன்படுத்திப் பார்த்த குழுவுக்குத் தெளிவான படம் தந்தது கங்காருவின் வால் தசைநாண். அது கிடைத்த இடம் பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கங்காரு வால் அடையாற்றில் இருந்தது என்பது இன்று படிக்கும்போது வேடிக்கையாகத் தோன்றும். உலகத் தோல்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது வழக்கமான சேகரம்தான். ஆனால் படிகவியல் ஆய்வகம் ஒன்றுக்கு அப்படிப்பட்ட அண்டைவீட்டார் உலகில் வேறெங்கும் அமைந்திருப்பது அரிது.

மெல்லிய நாரை இழுத்துக் கட்டி, பக்கவாட்டில் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் பின்னாலுள்ள படச்சுருளில் வில்வில்லாகக் கறைகள் பதியும். இழையின் நெடுக்கு வாட்டில் விழும் வில்லிலிருந்து, அமினோ அமிலம் ஒவ்வொன்றும் அச்சில் எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிடலாம்: 2.86 ஆங்ஸ்ட்ராம். குறுக்குவாட்டில் விழும் புள்ளி, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சொல்லும். நார் உலர்ந்திருந்தால் இந்தத் தூரம் 11 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும், நீர் ஏற ஏறக் கூடும். ஊறலில் தோல் ஏன் பருக்கிறது என்பதன் அணு அளவிலான சாட்சி இது. நெடுக்கு அளவோ நீர் பட்டாலும் அவ்வளவாக மாறுவதில்லை.

படத்தோடு வேதியியலும் ஒரு துப்புக் கொடுத்தது. கொலாஜனின் அமினோ அமிலங்களில் சரியாக மூன்றில் ஒரு பங்கு கிளைசின். புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் பெரும்பாலான புரதங்களில் இல்லாத அளவுக்கு மிகுதி. கிளைசின் அமினோ அமிலங்களிலேயே சிறியது. அதன் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தற்செயலாக இருக்க முடியாது என்று ராமச்சந்திரன் கருதினார். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் வந்து உள்பக்கம் நோக்க வேண்டும். அங்கே அதைவிடப் பெரிய எதற்கும் இடம் கிடையாது. புரதங்களின் அமினோ அமில வரிசையைப் படிக்கும் முறை அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. கொலாஜனின் வரிசை தெரிந்தபோது, மூன்றுக்கு ஒரு கிளைசின் என்ற ஒழுங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் நீளத்துக்கு அப்படியே தொடர்வது உறுதியாயிற்று. மரபணுப் பிழையால் ஒரு கிளைசின் வேறொன்றாக மாறினாலே எலும்பு நொறுங்கும் நோய் வருகிறது.

1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் வெளியிட்ட முதல் கட்டமைப்பில் மூன்று சுருள்கள் இணையாக நின்றன. அவற்றை ஹைட்ரஜன் பிணைப்புகள் பக்கவாட்டில் பிடித்திருந்தன. மூன்று புரி என்ற அடிப்படை சரி. ஆனால் படத்தின் அளவுகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை. நேர்நிற்கும் சுருளில் ஒரு சுற்றுக்கு மூன்று அமினோ அமிலம் வரும். படமோ மூன்றே கால் சொச்சம் கேட்டது: மூன்று சுற்றுக்குப் பத்து.

அந்தச் சொச்சத்தை அடைக்க வந்த விடை, நிலவு பூமியைச் சுற்றும் விதத்தை நினைத்ததிலிருந்து பிறந்தது என்று ராமச்சந்திரனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நிலவு தன்னைத் தானே சுற்றிக்கொண்டே பூமியையும் சுற்றுகிறது, அதனால் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. சங்கிலி ஒவ்வொன்றும் இடப்பக்கமாகச் சுருண்டுகொண்டே பொது அச்சைச் சுற்றி வலப்பக்கமாக மெல்ல முறுக்கிக்கொண்டால், கிளைசின் எப்போதும் உள்முகமாகவே நிற்கும். சுற்றுக்கு மூன்று என்பதும் மூன்றே கால் சொச்சமாகும். 1955 செப்டம்பரில் இந்த முறுக்கிய முப்புரிச் சுருள் ‘நேச்சர்’ இதழில் வந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வெளியான இரண்டரை ஆண்டுகளுக்குள், கேம்பிரிட்ஜும் லண்டனும் மும்முரமாக இருந்த துறையில், கிண்டியின் சிறிய குழு அவர்களுக்கு முந்தியது.

இரண்டு மாதம் கழித்து, 1955 நவம்பரில், அதே இதழில் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் கொலாஜன் பற்றி எழுதினார்கள். பாலிகிளைசின் என்ற செயற்கைச் சங்கிலியின் அமைப்பை ஆராய்ந்த வழியாக அவர்களும் முறுக்கிய முப்புரிக்கே வந்திருந்தார்கள். ஆனால் சென்னைக் கட்டமைப்பில் குறை கண்டார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னை சொல்லியிருந்தது. ஒன்றுதான் சாத்தியம் என்றார்கள் அவர்கள். இரண்டு பிணைப்புகளைத் திணித்ததால் சில அணுக்கள் ஏற்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது குற்றச்சாட்டு. மேற்கத்தியப் பாடநூல்கள் சில பல ஆண்டுகள் ரிச்–கிரிக் பெயரை மட்டுமே சொல்லிவந்தன. முப்புரி என்ற கருத்து முதலில் எங்கே அச்சானது என்பதில் தேதிகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்கு அப்போது ஒரே விடை கிடையாது. இந்தச் சண்டையில் சென்னை தேர்ந்த வழி, மறுப்புக் கடிதங்கள் எழுதுவதைவிடப் பயனுள்ளது. ராமச்சந்திரனும் அவர் மாணவர் வி. சசிசேகரனும், அதுவரை துல்லியமாகக் கண்டறியப்பட்ட சிறு படிகக் கட்டமைப்புகளைத் தேடிப் படித்து, எந்த அணு எந்த அணுவுடன் உண்மையில் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அட்டவணை போட்டார்கள். வழக்கமாகக் காணும் தூரம் ஒன்று. அரிதாகவேனும் அனுமதிக்கப்படும் கடைசித் தூரம் இன்னொன்று. அட்டவணை கையில் வந்ததும், கேள்வி கொலாஜனைத் தாண்டிப் போய்விட்டது. புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் சுழலக்கூடிய கோணங்கள் இரண்டே. இந்த இரண்டு கோணங்களை எல்லா மதிப்புகளுக்கும் மாற்றி மாற்றி, எங்கே அணுக்கள் மோதுகின்றன, எங்கே மோதவில்லை என்று மேசைக் கணக்குப் பொறியில் சி. ராமகிருஷ்ணனும் சேர்ந்து கணக்கிட்டார். மோதாத இடங்கள் வரைபடத்தில் சில தீவுகளாக மட்டுமே தேறின. பரப்பின் பெரும்பகுதி புரதங்களுக்கு மூடிய கதவு.

1963-ல் ‘ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி’ இதழில் ஐந்தே பக்கங்களில் வெளியான அந்த ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்று ஒவ்வொரு புரதக் கட்டமைப்பும் தேர்வு எழுத வேண்டிய தாள். ஆய்வாளர் ஒருவர் புதிய புரதத்தின் வடிவத்தைச் சமர்ப்பித்தால், அதன் கோணங்களில் எத்தனை சதவீதம் அனுமதிக்கப்பட்ட தீவுகளுக்குள் விழுகின்றன என்பதே முதல் சோதனை. வரைபடம் வந்த நேரத்தில் அணு அளவுக்கு அறியப்பட்ட புரதங்களை விரல்விட்டு எண்ணலாம். தோல் இழை பற்றிய ஒரு தகராறிலிருந்து இத்தனை பெரிய விளைச்சல் வரும் என்று 1955-ல் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

கொலாஜன் விவாதம் மட்டும் நிற்கவில்லை. 1960-ல் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனுக்கென்றே ஒரு கருத்தரங்கு நடத்தியது. 1963 ஜனவரியில் பல்கலைக்கழகம் புரதக் கட்டமைப்பு பற்றிய பன்னாட்டுக் கூட்டத்தைச் சென்னையில் கூட்டியது. 1967 ஜனவரியில் இன்னொன்று. 1968-ல் ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் தங்கள் இரண்டாவது பிணைப்பைத் திருத்தி எழுதினார்கள்: அது நேரடியாக இல்லை, இடையில் ஒரு நீர் மூலக்கூறு பாலமாக நிற்கிறது. 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு செயற்கைப் பெப்டைடைப் படிகமாக்கி, ஜோர்டி பெல்லா, பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் குழுவினர் நேரடியாகப் பார்த்தார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தது. இதில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரி. சுருளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பாலம் பாலமாக வலைபோட்டிருந்தன. அதில் சென்னை சொன்னது சரி. முறுக்கின் இறுக்கம் பற்றி மட்டும் ஒரு திருத்தம் வந்தது. மூன்று சுற்றுக்குப் பத்து என்பதற்குப் பதில் இரண்டு சுற்றுக்கு ஏழு என்ற சற்று இறுக்கமான முறுக்கு, புரோலின் மிகுந்த பகுதிகளுக்குப் பொருந்துகிறது. புரோலின் குறைந்த பகுதிகள் பழைய அளவை நோக்கித் தளர்கின்றன. ஒரே இழைக்குள் முறுக்கு இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஹைட்ராக்ஸிபுரோலினுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஸ்வீடனின் தோல் வேதியியலாளர் குஸ்டாவ்சன், அது அதிகமுள்ள தோல் அதிக வெப்பம் தாங்குகிறது என்று 1955-ல் சுட்டினார். குளிர்ந்த கடலில் வாழும் காட் மீனின் தோலில் அது குறைவு. அந்தத் தோல் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சுருங்கிவிடுகிறது. மாட்டுத் தோலுக்கு 60 முதல் 65 டிகிரி வரை தேவை. புரோலினை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்ற உடலுக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாதபோது முப்புரி தளர்ந்து, ஈறு கசிந்து, ஆறிய புண்ணும் திறந்துகொள்வதே ஸ்கர்வி நோய்.

பதனிடுவது என்பது இந்தச் சுருங்கும் வெப்பத்தை உயர்த்தும் வேலை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தரும் துவர்ப்புப் பொருள்கள் இழைகளுக்கு இடையில் புகுந்து, பல ஹைட்ரஜன் பிணைப்புகளால் அவற்றைக் கட்டுகின்றன. தோல் 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோமிய உப்பு, இழையின் அமிலப் பக்கக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு 100 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. தோல் ஷாப்புகளில் இதற்கு ஒரு சோதனை உண்டு. குரோம் தோலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தாளில் அதன் ஓரத்தை வரைந்துகொண்டு, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, திரும்ப அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் குரோமியம் உள்வரை இறங்கவில்லை என்று பொருள். உருளையில் இன்னும் சுற்ற வேண்டும்.

1958 முதல் 1971 வரை தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்திய ஒய். நாயுடம்மா, ஆய்வகத்தில் கண்டதைத் தோல் ஷாப்புகளுக்குக் கொண்டுபோவதில் பிடிவாதமாக இருந்தார். சுண்ணாம்பையும் சல்பைடையும் குறைத்து நொதிகளால் முடியை அகற்றும் முறைகளில் அந்த நிறுவனம் தொடர்ந்து உழைத்தது. நொதி இழையைத் தின்னாமல் இழைகளுக்கு இடையிலுள்ளதை மட்டும் கரைத்தால், இழை நன்றாகப் பிரிந்து பரப்பும் கூடும், கழிவுநீரும் குறையும். அளவு மிஞ்சினால் கொலாஜனே சேதமாகிப் பரப்போடு தரமும் போய்விடும். ராமச்சந்திரன் 1970-களின் தொடக்கத்தில் பெங்களூருக்குச் சென்றார். கர்த்தா அதற்கு முன்பே அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், 1967-ல் ரைபோநியூக்ளியேஸ் நொதியின் கட்டமைப்பைக் கண்டறிந்த மூவரில் ஒருவரானார். ராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் மறைந்தார். தோல் நிறுவனத்தின் அரங்கு முப்புரிச் சுருளின் பெயரையே தாங்கியிருக்கிறது.

சதுர அடிக் கணக்கில் சேராத ஒரு மீதி எப்போதும் இருந்தது. ஒரு டன் உப்புத் தோலிலிருந்து கிடைக்கும் முடித்த தோல் ஏறக்குறைய 200 கிலோ. மற்றதெல்லாம் உப்பு, நீர், முடி, சதைப்பற்று, ஓர வெட்டு, சீவல். ஓர வெட்டிலும் சீவலிலும் இருப்பதும் அதே கொலாஜன்தான். அதைக் காய்ச்சினால் மூன்று புரியும் பிரிந்து ஜெலட்டினாகவோ வஜ்ஜிரப் பசையாகவோ மாறும். பசைக்கு அது போதும். தீப்புண்ணுக்கும் ஆறாப் புண்ணுக்கும் போடும் கொலாஜன் தாள்களுக்குப் போதாது. அவற்றுக்குப் புரி பிரியாத கொலாஜன் வேண்டும். இழையிலிருந்து பிரித்துக் கரைத்தெடுத்த கொலாஜன், தோலில் இருக்கும்போது தாங்கும் வெப்பத்தைத் தாங்காது. 40 டிகிரிக்குள்ளேயே அவிழ்ந்துவிடும். அதனால் அடையாற்றில் மருத்துவக் கொலாஜன் தயாரிக்கும் வேலை, பதனிடும் முன்னரே பிரித்தெடுத்த பச்சைத் திசுவில் தொடங்கி, நீர்த்த அமிலத்தில் கரைத்து உலர்த்தும் வரை குளிரிலேயே நடக்கிறது.